பஞ்சி என்று ஒரு வியாதி கிடையாது

“வாய் மட்டும் இருக்கு. வேறை ஒண்டும் இல்லை.”

எங்கள் மூன்று பேருக்கும் சின்ன வயதில் கிடைத்த முதல் வைத்திய அறிக்கை இதுதான். சொன்னது வைத்தியர்கள் இல்லை. ஒருத்திக்கு அம்மம்மா, இன்னொருத்திக்கு நாலாம் வகுப்பு ரீச்சர், மற்றவனுக்குத் தகப்பன். மூன்று வீடு, மூன்று ஊர், வசனம் ஒன்று. கம்பஸுக்கு வந்த பிறகு, ஒரே விரிவுரை மண்டபத்தைத் தேடி ஒரே நாளில் மூன்று பேரும் தொலைந்து நின்றபோதுதான் எங்களுக்குள் பழக்கம் வந்தது. அது முதலாம் வருடத்தின் நாலாவது மாதம். மற்ற எல்லாரும் இரண்டாம் கிழமையே வழி பழகிவிட்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையில் “நாங்கள்” என்றால் அந்த மூன்று பேர். எழுதுவது ஒரு கை, சொல்வது மூன்று வாய். வாய்க்குக் குறைவில்லை என்றுதான் ஏற்கெனவே எல்லாரும் சொல்லியிருக்கிறார்களே.

எங்களுக்கு இருப்பதை என்.வி.எல்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் மொழிசாராக் கற்றல் இடர்பாடு என்று எழுதலாம். எழுதிய உடனேயே பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிற பெயர். “மொழிசாரா” என்றதும் வாய் பேசாத பிள்ளை என்று நினைத்துவிடுகிறார்கள். விசயம் நேர்மாறு. சொல்லால் வருவதெல்லாம் எங்களுக்கு வரும், பல பேரைவிட வேகமாகவே வரும். சொல் இல்லாமல் வருவதுதான் வராது. தூரம், திசை, வடிவம், ஒரு பொருளைத் திருப்பினால் அது எப்படித் தெரியும் என்பது, கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை, எதிரில் இருக்கிறவரின் முகம் சுருங்கினால் அது கோபமா பகிடியா என்பது. மற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே ஒட்டிக்கொள்ளும் இந்த அறிவை நாங்கள் ஒவ்வொன்றாகப் பாடமாக்க வேண்டியிருக்கிறது, வாய்ப்பாடு மாதிரி.

எங்களில் ஒருத்தி நாலரை வயதில் பேப்பர்த் தலைப்புகளை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டு வாசிக்க விடுவார்கள், தேத்தண்ணியோடு வைக்கிற இன்னொரு பலகாரம் மாதிரி. அதே பிள்ளைக்கு ஒன்பது வயதுவரை சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது. கத்தரிக்கோல் கோட்டில் போகாது. முள் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்ல இன்றைக்கும் நாலைந்து விநாடி எண்ணிப் பார்க்க வேண்டும். (பரீட்சை மண்டபங்களில் ஏன் எப்போதும் முள் மணிக்கூட்டையே மாட்டுகிறார்கள்? நேரம் போதாத ஒருவர் நேரம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்கே நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது.) ஏழாம் ஆண்டில் தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சுக்கு வலயத்தில் முதலாம் இடம் எடுத்தாள். அதே கிழமை வந்த கணிதப் பேப்பரில் பதினொரு புள்ளி. காலைப் பிரார்த்தனையில் சான்றிதழ், மூன்றாம் பாடவேளையில் பிரம்பு.

இந்தப் பிரம்பைப் பற்றித்தான் கொஞ்சம் விலாவாரியாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பிள்ளை தட்டித்தடுமாறி வாசித்தால், எழுத்துக்களை மாறி எழுதினால், இந்தக் காலத்தில் யாரோ ஒரு ஆசிரியராவது “பிள்ளைக்கு ஏதோ இருக்குப்போல” என்று யோசிப்பார். எல்லாரும் யோசிப்பார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் யோசிக்க வழி இருக்கிறது. எங்களுக்கு அந்த வழி அடைபட்டது. மேடையில் ஏறி மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளைக்கு ஏதும் இருக்க ஏலாது என்பது எங்கட சமூகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அறிவு என்றால் பேச்சு. பேச்சு இருந்தால் அறிவு இருக்கிறது. அறிவு இருந்தும் கணக்கு வரவில்லை என்றால் மிஞ்சுகிற காரணம் ஒன்றே ஒன்றுதான்: மனமில்லை. கள்ளம். அக்கறையீனம். ஒரே சொல்லில், பஞ்சி.

ஏலாத பிள்ளைக்கு இரக்கம் கிடைக்கும். மனமில்லாத பிள்ளைக்கு அடி கிடைக்கும். எங்களிடம் இருந்த ஒரே திறமை எங்களை இரண்டாவது வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கட பேச்சே எங்களுக்கு எதிரான சாட்சி. ஏன் செய்யவில்லை என்று கேட்டால் காரணத்தை அழகாக, முழு வசனத்தில் சொல்லுவோம். அதற்கும் சேர்த்து இரண்டு விழும், “வாயைப் பார்” என்று.

ஒரு கொப்பிக் கதை சொல்கிறோம். கீழ்வகுப்பில் கணக்குக்குச் சதுரக்கோட்டுக் கொப்பி தருவார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு இலக்கம். எங்களில் இரண்டாமவளுக்கு அந்தக் கொப்பி இருந்தவரை கூட்டல், கழித்தல், நெடும்பிரித்தல் எல்லாம் ஓரளவுக்கு வந்தது. காரணம் எளியது. ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்று இலக்கங்களை நேராக நிறுத்துவதை அவளுடைய கண் செய்யாது, பெட்டி செய்தது. மேல்வகுப்புக்குப் போனதும் ஒற்றைக்கோட்டுக் கொப்பி. இலக்கங்கள் வரிசையை விட்டு நழுவத் தொடங்கின. நூறின் இடத்தில் பத்து வந்து நிற்கும், கொண்டுபோன ஒன்று எங்கே போனது என்று தெரியாது. விடை பிழை. அவளாகவே தம்பியின் சதுரக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். கணித ஆசிரியர் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். “எட்டாம் ஆண்டுப் பிள்ளை சின்னாக்களின்ர கொப்பியில கணக்குச் செய்யுது.” வகுப்பு சிரித்தது. அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. சாதாரண தரத்தில் மற்ற எட்டுப் பாடங்களிலும் ஏயும் பீயும், கணிதத்தில் தோல்வி. திரும்ப எடுத்து எஸ். அந்த ஒரு எஸ்ஸுக்காக அவளுடைய தகப்பன் இரண்டு வருடம் ரியூசன் காசு கட்டினார். தேவைப்பட்டது ஒரு எண்பது பக்கச் சதுரக் கொப்பி.

இதைத்தான் நாங்கள் பஞ்சி என்கிற சொல்லின் விலை என்கிறோம். அந்தச் சொல் ஒரு முடிவு. அதைச் சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. பிழை பிள்ளையின் குணத்தில் இருக்கிறது, கொப்பியில் இல்லை, கரும்பலகையில் இல்லை, சொல்லித்தருகிற விதத்தில் இல்லை. வட்ட நாற்பக்கலின் தேற்றத்தை எங்களால் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்க முடிந்தது. அந்த நாற்பக்கலைச் சற்றே சரித்து வரைந்துவிட்டால் அதே தேற்றம் அதில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. “தேற்றம் பாடமாம், கணக்கு மட்டும் தெரியாதாம்” என்று சிரித்த ஆசிரியர் தன்னை அறியாமலே மிகச் சரியான நோய்க்குறிப்பு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது நோய்க்குறிப்பு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கட வாதம். பயிற்சிக் கலாசாலையில் யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பெயர் எங்களுக்குக் கனடாவிலிருந்து வாட்ஸப்பில் வந்தது. முதலாமவளின் சித்தியின் மகனுக்கு அங்கே பாடசாலை மூலம் சோதனை செய்திருக்கிறார்கள். முடிவை வாசித்துவிட்டுச் சித்தி அம்மாவுக்கு எடுத்தா. “அக்கா, இதில எழுதியிருக்கிறதெல்லாம் உன்ர மூத்தவள்.” அம்மா அழுதா. நிம்மதியிலா குற்ற உணர்விலா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. முகம் பார்த்துச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் அம்மாவின் அழுகைக்குக் காரணம் கேட்டால் என்ன செய்வது.

பிறகு கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் அவளைச் சோதித்தார்கள். அப்பாவின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. சோதித்தவருக்குத் தமிழ் தெரியாது. சிவப்பும் வெள்ளையுமாய்ச் சில கட்டைகளைத் தந்து, படத்தில் இருக்கிற மாதிரி அடுக்கச் சொன்னார். வெக்ஸ்லர் சோதனை என்று உலகம் முழுக்கப் பாவிக்கிற சோதனைத் தொகுதியில் அது ஒரு பகுதி. வந்த நேரம் அவளுக்குப் பத்தொன்பது வயது, உயர்தரத்தில் தமிழில் ஏ எடுத்தவள். நாலு கட்டையை அடுக்கித் தள்ளினாள். ஒன்பது கட்டை வந்ததும் கை நின்றுவிட்டது. அறிக்கையில் மொழிப் பகுதிக்கும் உருவப் பகுதிக்கும் நடுவே ஒரு பள்ளம். “என்.வி.எல்.டி.க்குப் பொருந்தும் தன்மைகள்” என்று மட்டும் எழுதினார்கள், “இருக்கிறது” என்று எழுதவில்லை. மற்ற இரண்டு பேரிடமும் அந்தக் கடதாசியும் இல்லை. எங்களை நாங்களே அடையாளம் கண்டோம். இதைச் சொன்னால் எங்கட வாதம் பலவீனமாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

இருக்கிறது என்று ஏன் எழுதவில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஜோன்சன், மைக்கல்பஸ்ட் என்ற இரண்டு பேர் 1967 இல் கற்றல் இடர்பாடுகள் பற்றி எழுதிய நூலிலேயே இப்படியான பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் வின்ட்சரில் இருந்த பைரன் றூர்க் 1989 இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, மூளையின் வெண்பொருளோடு இதைத் தொடர்புபடுத்தினார். அந்த விளக்கம் முடிந்த முடிவு இல்லை, இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாவது கையேட்டில் இந்தப் பெயர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 இல் நடைமுறைக்கு வந்த பட்டியலிலும் இல்லை. ஓட்டிசத்தோடு சேர்க்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை, இது வேறு என்கிறவர்கள் இருக்கிறார்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பெயரையே மாற்றி, காட்சி வெளி சார்ந்த வளர்ச்சிக் குறைபாடு என்று வைக்கச் சொல்கிறார்கள். அவர்களும் சேர்ந்து 2020 இல் வெளியிட்ட ஒரு கணிப்பு, வட அமெரிக்கச் சிறுவர்களில் நூற்றுக்கு மூன்று நாலு பேருக்கு இது இருக்கலாம் என்கிறது. இலங்கைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஒருவர் என்றால், அந்த ஒருவரின் முகம் உங்களுக்கும் ஞாபகம் வரும். பந்து பிடிக்கத் தெரியாத, வாசிகசாலையே கதியென்று கிடந்த அந்த ஒருவர்.

ஆகவே “புத்தகத்திலேயே இல்லாத வருத்தத்தைக் கொண்டுவந்து நிக்கிறியள்” என்பவர்களுக்கு: ஓம், இல்லை. எந்த லாச்சிக்குள் வைப்பது என்று அவர்கள் ஆறுதலாக முடிவெடுக்கட்டும். லாச்சி திறக்கும் வரைக்கும் ஒழுங்கையில் வழி தொலைந்து நிற்பது நாங்கள்தான். “எங்கட காலத்தில இதெல்லாம் இருந்ததோ” என்பவர்களுக்கு: இருந்தது. மொக்கு என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

கற்றல் இடர்பாடு என்று கதையைத் தொடங்கினாலே யாராவது ஒருவர் 2007 இல் வந்த தாரே ஜமீன் பர் படத்தை எடுப்பார். எங்கட பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் டிஸ்லெக்சியா என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது அந்தப் படம்தான், மறுக்கவில்லை. நாங்களும் அழுதுகொண்டு பார்த்தவர்கள்தான். ஆனால் திரும்பப் பாருங்கள். எழுத்து வராத அந்தச் சிறுவனுக்குக் கடைசியில் என்ன நடக்கிறது? ஓவியப் போட்டியில் முதல் பரிசு. அவனுக்கு ஒரு திறமை இருந்தபடியால், அந்தத் திறமை வென்றபடியால், எல்லாரும் அவனை ஏற்றுக்கொள்கிறார்கள். வரையவும் தெரியாமல் இருந்திருந்தால்? இரண்டாம் பரிசு வந்திருந்தால்? இடர்பாடு உள்ள பிள்ளை தனக்கு இடம் கேட்க முதலில் ஒரு அதிசயத்தைக் காட்ட வேண்டும் என்ற விதியைப் படம் உடைக்கவில்லை, கண்ணீரால் கழுவித் திருப்பித் தருகிறது. எங்கட கதை அந்தப் படத்தைத் தலைகீழாய்ப் பிடித்த மாதிரி. எங்களிடம் பரிசுகள் இருந்தன. அலுமாரி நிறைய. அவைதான் எங்களை மாட்டிவிட்டன.

“உங்களுக்குள்ள விசேட ஆற்றல் இருக்கு” என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வந்து சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். சேர், ஆற்றல் இருக்கட்டும். பஸ் ஸ்ராண்டில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கோ.

பிள்ளைப்பருவத்தில் பிரம்போடு முடிந்தது, வளர்ந்த பிறகு வேறு உருவத்தில் வருகிறது. கம்பஸின் முதல் மாதங்களை எடுங்கள். பகிடிவதையைத் தடுக்க 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு பிறந்தவர்கள் நாங்கள், அதன் பிறகும் பகிடிவதைக்குள்ளால்தான் வந்தோம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாத ஒன்றைச் சொல்கிறோம். பகிடிவதை முழுக்க முழுக்கச் சொல்லப்படாத விதிகளால் ஆனது. எந்த அண்ணாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், எந்த அண்ணாவைப் பார்க்கவே கூடாது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், எந்தக் கேள்வி பதில் எதிர்பார்க்காத கேள்வி, இவ்வளவையும் முகத்தில் இருந்தும் குரலில் இருந்தும் எடுக்க வேண்டும். எங்களுக்கு எடுக்கத் தெரியாது. பகிடி எது, வதை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு எல்லாமே வதைதான். “பெரிய ஆளோ நீ?” என்று கேட்டார்கள். எங்களில் ஒருவன் “இல்லை அண்ணா, ஐந்தடி நாலு அங்குலம்” என்றான். உண்மையிலேயே அதுதான் கேள்வி என்று நினைத்தான். நக்கல் அடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இரண்டு கிழமையும் அவனுக்கு எப்படிப் போனது என்று எழுத அவன் விடவில்லை.

நாலாவதாக ஒருவன் இருந்தான். எங்கட தொகுதி. நன்றாகக் கவிதை சொல்லுவான், நேராக நடக்கத் தெரியாது, யாரும் பகிடி விட்டால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பான். முதலாம் அரையாண்டு முடிய முன்னமே படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு என்ன இருந்தது என்று சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. “வாய்க்கொழுப்பு, இருக்கேலாமல் ஓடிட்டான்” என்று சொன்னவர்களுக்கும் அந்தத் தகுதி இல்லை. இப்போது எங்கேயோ ஒரு கடையில் நிற்கிறானாம்.

பெண்ணாகப் பிறந்தால் இது இன்னொரு மடங்கு. ஆண்பிள்ளைக்குச் சைக்கிளும் கிரிக்கெட்டும் வராவிட்டால் கேலியோடு போகும். பெண்பிள்ளையின் கை அவளுடைய வளர்ப்பின் அத்தாட்சி என்று வைத்திருக்கிறார்கள். விழாவுக்குச் சாறி கட்ட வேண்டும். கொய்யகம் ஒரே அளவாக மடிப்பதற்கு விரலும் கண்ணும் சேர வேண்டும், எங்களில் இரண்டு பேருக்கும் சேராது. அறைத்தோழி ஒருத்தி கட்டிவிடுவாள், முகம் சுளிக்காமல். சுளித்தாலும் எங்களுக்குத் தெரியாது என்பது வேறு விசயம். “கலியாணம் கட்டிப்போற இடத்தில என்ன செய்வாய்” என்று அம்மம்மா கேட்பா. உருண்டை ரொட்டிதான் ஒரு பெண்ணின் தராதரப்பத்திரம் என்றால், அதைச் சோதிக்கிற மேசையைத்தான் முதலில் எரிக்க வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு இடர்பாடும் இல்லை.

வேலைக்கும் போய்ப் பார்த்தோம். எங்களில் ஒருவன் விடுமுறைக்கு ஒரு கொமினிகேசனில் நின்றான். போட்டோக்கொப்பி எடுக்கிற வேலை. தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில், நேராக, எடுக்க வேண்டும். அட்டையைத் திருப்பினால் எந்தப் பக்கம் மேலே வரும் என்பது அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு. மூன்றாம் நாள் முதலாளி மரியாதையாகவே சொன்னார்: “தம்பி, நீர் நல்லாக் கதைக்கிறீர், உமக்கு இந்த வேலை சரிவராது.” இவ்வளவு காலத்தில் எங்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பஞ்சி என்ற சொல் வராத முதல் வசனம் அது. அடுத்த நாள் தாளின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி கீறி வைத்தால் சரியாக வருகிறது என்று அவனாகவே வீட்டில் கண்டுபிடித்தான். ஒரு நாள் பிந்திவிட்டது.

எங்களிடம் இப்படியான அம்புக்குறிகள் நிறைய இருக்கின்றன. வழியைப் படமாக வைத்திருக்க முடியாததால் கதையாக வைத்திருக்கிறோம்: பிள்ளையார் கோயில் தாண்டி, நீலப் படலை தாண்டி, நாய் நிற்கிற வீட்டோடு வலப்பக்கம். (நாய் செத்துப்போனபோது அரை மணித்தியாலம் சுற்றினோம்.) ஒருவர் சொன்னது பகிடியா என்று தெரியாவிட்டால் நேரடியாகக் கேட்கப் பழகியிருக்கிறோம். கேட்டால் முகம் மாறுகிறவர்களும் உண்டு, மாறியது எங்களுக்குத் தெரியாது என்பதில் ஒரு வசதியும் உண்டு. வரைபைப் பார்த்தால் விளங்காது, வரைபு என்ன சொல்கிறது என்று இரண்டு வசனம் எழுதித் தந்தால் விளங்கும். எங்களால் ஏலாததை ஏலக்கூடியதாக மாற்ற வேண்டியது பெரும்பாலும் சொல்தான். அதற்குக் காசு தேவையில்லை.

தேவைப்படுவது யாராவது சம்மதிப்பது. அங்கேதான் சட்டம் வருகிறது. இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி இயலாமையுள்ளவர் என்றால், உடல் அல்லது உளக் குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளைத் தானாக முழுமையாகவோ பகுதியாகவோ உறுதிப்படுத்திக்கொள்ள முடியாதவர். சாப்பிடுகிறோம், குளிக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம். நாங்கள் அதற்குள் வருவோமா? எங்களைப் பார்த்து “வரமாட்டியள்” என்று சொல்வது எந்த எழுதுவினைஞருக்கும் சுகம். இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் வேறு மாதிரிக் கதைக்கிறது. ஆளின் குறையை மட்டும் பார்க்காமல், ஆளுக்கும் சூழலுக்கும் நடுவில் இருக்கிற தடையைப் பார்க்கச் சொல்கிறது, கல்வியில் நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்கச் சொல்கிறது. ஒற்றைக்கோட்டுக் கொப்பியும் முள் மணிக்கூடும் அப்படிப்பட்ட தடைகள்தான். நாடு ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு இன்னொரு தாளை வைத்து எங்களைத் திருப்பி அனுப்புகிறது.

எங்களில் ஒருத்தி புவியியல் எடுத்திருக்கிறாள். வழி தெரியாதவளுக்குப் புவியியல் எதற்கு என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்டார்கள். குளங்கள் ஏன் வற்றுகின்றன, ஆட்கள் ஏன் இடம்பெயர்ந்தார்கள், கடற்கரைக் கிராமத்தில் கிணறு ஏன் உவராகிறது என்பதும் புவியியல்தான். அவளுக்கு அது வரும், நன்றாகவே வரும். இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து எது குன்று எது பள்ளம் என்று சொல்கிற செய்முறை மட்டும் வராது. கோடுகளின் பெறுமானத்தை எழுத்தில் பட்டியலாக வைத்துக்கொள்ளவும், செய்முறைக்கு இருபது நிமிடம் கூடத் தரவும் முடியுமா என்று விரிவுரையாளரிடம் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. கதிரை தந்து இருக்கச் சொல்லித்தான் கதைத்தார்.

“நீர் இவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறீர். உமக்கு என்ன பிரச்சினை?”

அவள் அறிக்கையைக் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்த நாலு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். “பொருந்தும் தன்மைகள் எண்டுதானே இருக்கு. இருக்கிறது எண்டு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாரும், பீடத்துக்கு அனுப்புவம்.”

எங்கு எடுப்பது? எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றுக்கு எந்த வைத்தியர் அப்படி எழுதித் தருவார்? போன மாதம் மூன்று பேருமாகச் சேர்ந்து பீடாதிபதிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். கேட்டிருப்பது மூன்று விசயம். செய்முறை அறிவுறுத்தல்களை எழுத்தில் தர வேண்டும். பரீட்சை மண்டபத்தில் இலக்க மணிக்கூடு ஒன்று வைக்க வேண்டும். கேட்கிறவர் யாராக இருந்தாலும், வைத்தியக் கடிதம் இல்லாவிட்டாலும், வரைபுத்தாளும் சதுரத்தாளும் கொடுக்க வேண்டும். முதல் வரைவில் “தயவுசெய்து” என்று ஐந்து இடத்தில் இருந்தது. நாலை வெட்டினோம்.

பதில் இன்னும் வரவில்லை. செய்முறைப் பரீட்சை வருகிற மாதம் பதினெட்டாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு. மண்டபம் எங்கே என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.